பவளராணி குளித்த கதை

போன தடவை படகைக் கழுவிய சோப்புத் தண்ணீரில் விராலின் குஞ்சுகள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. இந்தத் தடவையும் படகுக்காரர் இருந்த சோப்புத்தூளை எல்லாம் வாளியில் கலக்கிக் கரையில் வைத்துவிட்டு, தேய்க்க நார் எடுக்கப் போனார்.

தாய் விரால் படகின் அடியில் வந்து முட்டினாள். சிவப்புக் குஞ்சுகள் அவளைச் சுற்றி மொய்த்தன.

"ஏ பவளராணி, உன் காலைப் பிடிக்கிறேன். இந்தக் குளியல் வேண்டாம்."

"எனக்கு ஏதுடி காலு?" என்றது படகு. "நாளைக்குக் கல்யாணப் பொண்ணு என்மேல ஏறப்போறா. இந்தக் கால்வாயில என்னை மாதிரி மினுக்குற படகு உண்டா, சொல்லு?"

"இல்லதான். ஆனா நீ மினுக்கின அன்னைக்கு என் பிள்ளைங்க வெளுத்துப்போய் மிதந்துச்சு. உன் நிழலை நம்பித்தானே இங்க வளர்க்கிறேன்?"

படகு கரையிலிருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது. விரால் வெறுத்துப்போய்த் திரும்பினாள்.

படகுக்காரர் நாரோடு வந்தார். அந்த நேரம் பார்த்துப் படகு திமிறிப் பின்வாங்கியது. தொய்ந்து கிடந்த கட்டுக்கயிறு விறைத்தெழுந்து வாளியை அடித்தது. வாளி கரைப்பக்கம் கவிழ, சோப்புத் தண்ணீர் முழுவதையும் மண் குடித்தது. படகுக்காரர் திட்டிக்கொண்டே வெறும் நாரால் தேய்த்தார்.

மறுநாள் பாசிக் கறையோடுதான் பெண்ணை ஏற்றிக்கொண்டது படகு. ஆனாலும் தலைநிமிர்ந்து போனது. பின்னாலேயே குஞ்சுகளோடு போன விரால், எதிரில் வந்த கெண்டையிடமெல்லாம் சொன்னாள்:

"வாளியைக் கவுத்தது யாரு தெரியுமா? எங்க பவளராணி!"