கெர்பரின் ரிவோல்வர்

"இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ தம்பி?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து மேசையில் விரித்தாள். உள்ளே ஒரு பழைய ரிவோல்வர்.

கோபிசன் பேர்ன் நகரில் ஓர் ஏல நிறுவனத்தில் பழைய ஆயுதங்களை மதிப்பிடுபவன். புதன்கிழமை காலைகளில் யாரும் எதையும் கொண்டுவந்து காட்டலாம். வருகிறவர்கள் அநேகமாகச் சுவிஸ்காரர். தமிழ்ப் பெண் ஒருத்தி துவக்கோடு வந்தது இதுதான் முதல் தடவை.

"இது ஆற்றை அன்ரி?"

"ஹெர் கெர்பரின்ரை. ஓஸ்டர்முண்டிகனில தனிய இருக்கிற மனுசன். எண்பத்திநாலு வயசு. நான்தான் காலமையில போய்க் குளிப்பாட்டிச் சாப்பாடு குடுக்கிறனான். என்ரை பேர் வேணுகா."

"அவர் குடுத்துவிட்டவரோ?"

வேணுகா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லை. அவருக்குத் தெரியாது. பிசியோ பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கினம். பதினொரு மணிக்கு முதல் எடுத்த இடத்தில வைக்கோணும்."

கோபிசனுக்கு முகம் சூடேறியது. அவனுடைய அம்மாவும் இருபது வருசம் இப்படி வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். நம்பி வீட்டுத் திறப்பையே கையில் தருகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். ஒரு ஆள் கை வைத்தால் எல்லாருடைய பெயரும் கெட்டுப்போகும்.

கையுறையைப் போட்டான். உருளையைச் சுழற்றி ஆறு அறைகளும் வெறுமை என்று உறுதி செய்தான். பிறகு இலக்கத்தைத் தேடினான். துவக்கின் உடற்சட்டத்தில் 617. உருளையில் 617. குழலின் அடியிலும் அதே இலக்கம்.

இலக்கத்தையும் கெர்பர் என்ற பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். அவள் போனதும் பொலிசுக்குத் தொலைபேசி எடுக்க இது போதும்.

"விக்கப்போறீங்களோ?"

"முதல் என்ன சாமான் எண்டு சொல்லுங்கோ."

பூதக்கண்ணாடியை எடுத்தான். சின்னதாக ஒரு சுவிஸ் சிலுவை. பக்கத்தில் பெல்ஜியத்துப் பரிசோதனை முத்திரை.

"ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில சுவிஸ் ஆமிக்காகப் பெல்ஜியத்தில செய்தது. பிறகு ஆமி இந்த வகையைத் திருப்பி எடுத்து மாத்தி அமைச்சது. இதை மாத்தேல்லை. இப்பிடி மிஞ்சினது குறைவு. நல்ல விலைக்குப் போகும்."

விலை என்றதும் அவள் முகத்தைக் கவனித்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

"மாத்தினதுக்கும் மாத்தாததுக்கும் என்ன வித்தியாசம் தம்பி?"

"மாத்தினதில அடிக்கிற முனை ரவையின்ரை பின்பக்கம் நடுவில அடிக்கும். இது விளிம்பில அடிக்கும்."

அவள் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு ரவையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதைப் போட்டால்?"

கோபிசன் திடுக்கிட்டான். ரவையை எடுத்துப் பின்புறத்தைப் பார்த்தான். நடுவில் வட்டமாக ஒரு செப்புப் பொட்டு.

"இது பிறகு வந்த மொடலின்ரை ரவை."

"உள்ளுக்குப் போகுமோ?"

"போகும்."

"வெடிக்குமோ?"

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். திருட்டு மட்டும் என்று நினைத்தது போதாதோ என்று இப்போது தோன்றியது.

"அன்ரி, உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"முதல் சொல்லுங்கோ தம்பி. வெடிக்குமோ?"

"வெடிக்காது. எத்தினை தரம் அடிச்சாலும் விளிம்பிலதான் அடிக்கும். இந்த ரவை நடுவில பட்டால்தான் வெடிக்கும்."

"வடிவாத் தெரியுமோ?"

அடிக்கும் முனையை இன்னொரு தடவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மாற்றிய அடையாளம் எங்கும் இல்லை.

"வடிவாத் தெரியும்."

"இதுக்குரிய ரவையை அவர் எங்கையும் வாங்கலாமோ?"

"கடைகளில இல்லை. செய்யிறதை விட்டு எத்தினையோ காலம்."

இவ்வளவு நேரமும் நின்றவள் அப்போதுதான் கதிரையில் இருந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"மனுசி செத்ததில இருந்து கெர்பர் ஒரு மாதிரித்தான். ஆரோடையும் கதைக்கிறேல்லை. திங்கக்கிழமை துணி அடுக்கேக்குள்ளை அலுமாரி லாச்சியில இதையும் ரவையையும் கண்டன். உடனை டொக்டருக்குச் சொன்னன், மகளுக்கும் சொன்னன். மகள் கனடாவில. சனிக்கிழமை வந்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறா. அதுக்கு முன்னம் இடமில்லையாம்."

கோபிசன் இலக்கம் எழுதிய தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

"அப்ப இதை இங்கையே விட்டிட்டுப் போங்கோ அன்ரி. ஏன் திருப்பிக் கொண்டுபோறீங்கள்?"

வேணுகா ரிவோல்வரைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"எழும்பின உடனை லாச்சியைத் திறந்து பாத்திட்டுத்தான் மனுசன் கோப்பி குடிக்கிறது. காணேல்லையெண்டால் வேறை வழி தேடுவார். சனிக்கிழமை வரைக்கும் இது வெடிக்குமெண்டு நம்பிக்கொண்டு இருக்கட்டும், தம்பி."