புதன்கிழமை வழிகாட்டி

"வாரத்துல உங்க சொந்த ஆராய்ச்சிக்குன்னு எவ்வளவு நேரம் ஒதுக்கறீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு, தவளை சார் நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார்.

துரு மேடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நாப்பது நிமிஷம் சார்."

"ஒரு நாளைக்கா?"

"வாரத்துக்கு."

தவளை சார் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. பெருமூச்சு விட்டு 'நாற்பது' என்று எழுதிக்கொண்டார்.

பாலத்து இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று இருபது வருடமாக ஆராய்கிறவள் அவள். பேச ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஆணியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார். ஆனால் யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்று தலையாட்டி, பதினோரு குழுக்களில் உறுப்பினராகிவிட்டாள். வண்டி நிறுத்தும் குழு, குடிநீர்க் குழு, குழுக்களைக் குறைக்க வழி காணும் குழு.

ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்துவிட்டது. மூன்று தடவைதான் கேட்கலாம் என்பது விதி. இதுவும் போனால், ஓய்வு பெறும் வரை இணைப் பேராசிரியர்தான். துரு தன்பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான் ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போய், தனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா தலையைச் சொறிந்தார்.

"ஆள் கிடைக்கறதுதான் மேடம் கஷ்டம். எல்லாரும் கேக்கறவங்களாவே இருக்காங்க. எப்படியாவது போட்டு விடறேன்."

அப்படி வந்தவர்தான் தவளை சார். ஊரின் மறுகோடி வளாகத்தில் விலங்கியல் துறை. தலை முழுக்கப் பஞ்சு. பதினெட்டு வருடம் தவளைச் சத்தம் கேட்டவர் என்பதால், எதிராளி பேசி முடித்த பிறகும் அரை நிமிடம் பொறுத்துத்தான் வாய் திறப்பார். பக்கத்துத் தவளை ஏதாவது பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பழக்கம்.

"ரெண்டு பஸ் மாறி நீங்க எதுக்கு சார் அலையணும்? நான் வந்திருப்பேனே."

"அதெப்படி மேடம்? நான்தானே வரணும்."

பெரிய மனிதர்களுக்குத்தான் இந்தப் பணிவு வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பேர்ப்பட்டவரிடம் போய் 'நீங்கள் என்ன பதவி?' என்று கேட்க நாக்கு எழுமா?

புதன்கிழமை தவறாமல் வந்தார். ஒரு நாளும் 'இதைச் செய்' என்று சொன்னதில்லை. கேள்விதான்.

"இவ்வளவு குழுவுல மாட்டிக்கிட்ட ஒருத்தர் எங்க ஆரம்பிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"வண்டி நிறுத்தற குழுவுல இருந்து விலகணும் சார்."

எழுதிக்கொண்டார். அடுத்த வாரம், "ஒரு குழுவை விட்டா யாரும் செத்துப் போயிடறதில்ல மேடம். பார்த்தாச்சு," என்றார்.

அனுபவஸ்தர் சொல்லிவிட்டார். அவள் அன்றே நான்கு குழுக்களை உதறினாள்.

இன்னொரு புதன். "ஒருத்தர் இருக்கார்னு வைங்க. அவரோட கட்டுரை நாலு இடத்துல திரும்பி வந்துடுச்சு. அவர் என்ன பண்ணலாம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கட்டுரையும் சரியாக நான்கு இடத்தில் திரும்பி வந்திருந்தது. இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

"கண்டுபிடிச்சதை முதல் பக்கத்துலயே சொல்லணும் சார். ஒன்பதாம் பக்கம் வரைக்கும் யாரு பொறுமையா வருவாங்க?"

அன்று மாலையே தன் கட்டுரையைத் தலைகீழாக்கி எழுதினாள். ஐந்தாவது இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

"அப்படி என்னதான் சொல்றார் உங்க தவளை சார்?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டார்ங்க. கேள்வி மட்டும் கேப்பார். பதில் நம்மகிட்ட இருந்தே வந்துடும்."

"கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஆளா? நானே கேப்பேனே."

"நீங்க கேக்கறது, என் கண்ணாடி எங்கங்கறது."

மூன்றாவது முறையும் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு முந்தைய புதன்கிழமை ஒத்திகை நடந்தது. முதலில் அவர் கேட்க, அவள் பதில் சொன்னாள். பிறகு, "மாத்திக்கலாமா மேடம்? நீங்க கேளுங்க," என்றார். அவள் கேட்டாள். அவருக்குக் குரல் நடுங்கியது, நெற்றி வியர்த்தது, டம்ளர் தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது. பயந்த மனிதனை அச்சு அசலாக நடித்துக் காட்டுகிறாரே என்று வியந்துபோய், "நிதானமா மூச்சு விட்டுட்டு ஆரம்பிங்க சார்," என்று அவளும் அந்த நாடகத்துக்கு ஒத்துழைத்தாள்.

உத்தரவு வந்தது. ஆராய்ச்சிப் பேராசிரியர்.

மறுநாள் ஒரு நல்ல பேனா வாங்கிக்கொண்டு, முதல்முறையாக இரண்டு பஸ் மாறி அவர் அறைக்குப் போனாள். குப்பிகளும் ஒலிநாடாக்களும் அடைத்துக் கிடந்த சின்ன அறை. அவளைக் கண்டதும் தவளை சார் பதறி எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார்.

"நீங்க ஏன் மேடம் வந்தீங்க? நானே வரணும்னு கிளம்பிக்கிட்டிருந்தேன்."

"உங்களாலதான் சார் எல்லாம். நீங்க இல்லன்னா நான் இன்னும் வண்டிக்குக் கோடு போட்டுக்கிட்டுதான் இருந்திருப்பேன்."

அவர் வழக்கம்போல் அரை நிமிடம் பொறுத்தார். கண் கலங்கியிருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"முதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு வச்சிருந்தேன் மேடம்."

மேலே இருந்தது, அவள் கைப்பையில் இருந்ததைப் போலவே நேற்றுத் தேதியிட்ட ஆராய்ச்சிப் பேராசிரியர் உத்தரவு, அவர் பெயருக்கு.

அடியில், மடிப்பில் கிழிந்துவிடாமல் ஒட்டுநாடா போட்டுப் பத்திரப்படுத்திய, அவருக்கு வந்த ஒரு வருடப் பழைய கடிதம்: 'இணைப் பேராசிரியராகிய தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தங்களுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்படுபவர்' என்று தொடங்கி, அவளுடைய பெயரில் முடிந்திருந்தது.