பல்லிகள் இறங்கிய பாறை

பாறையில் முக்கால்வாசி ஏறிவிட்ட சுரேகா, திடீரென்று அங்கேயே நின்றுவிட்டாள்.

கீழே பதினேழு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஆவடிப் பல்லிகள்' என்ற பாறையேறும் வாட்ஸ்அப் குழு அது. பாதியில் இறங்குகிறவரின் முகத்தைக் குழுவின் முகப்புப் படமாக ஒரு மாதம் வைப்பது அவர்கள் வழக்கம். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே பலர் உச்சியைத் தொட்டிருக்கிறார்கள்.

சுரேகாவுக்கு இன்று அதைவிடப் பெரிய கவலை. அடுத்த மாத இமயமலைப் பயணத்தில் ஓர் இடம்தான் பாக்கி. அவளுக்கும் லோகேஷுக்கும் போட்டி. உச்சியைத் தொடுகிறவருக்கு அந்த இடம். இதற்காக நான்கு மாதமாக ஆபீஸ் முடிந்ததும் அம்பத்தூரில் செயற்கைச் சுவரில் தொங்கியிருக்கிறாள்.

"ரசாக் பாய், என்னை இறக்கிடுங்க" என்றாள்.

கீழே கயிறு பிடித்திருந்த அப்துல் ரசாக்தான் குழுவுக்கு மூத்தவர். இன்னும் ஆறடிதான் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பயமாக இருக்கிறது என்பதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு வழியில்லாமல் இறக்கினார்.

லோகேஷ் போனுடன் தயாராக நின்றான்.

"இன்னா சுரேகா, காலு தந்தி அடிக்குதா? இப்டி திரும்பு, மூஞ்சி நல்லா தெரியணும்."

போன் இல்லாமல் அவனால் எதையும் பார்க்க முடியாது. காலையில் மலையடியில் ஓர் உடும்பு குறுக்கே போனது. அதைப் படமெடுக்க முதலில் ஓடியவன் இவன்தான். பின்னாலேயே மற்றவர்களும் ஓட, அது பயந்து பொந்துக்குள் ஒளிந்தது. செல்ஃபிக்காகக் குச்சியால் குத்தி வெளியே இழுத்தார்கள்.

இந்தப் பாறை வழுக்குகிறது, வேறு பாறைக்குப் போகலாம் என்று, கீழே இறங்கிய சுரேகா எல்லோரிடமும் கெஞ்சினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"உச்சியில நின்னு லைவ் போடறேன், பாத்துகினே இருங்க" என்று லோகேஷ் ஏறத் தொடங்கினான். சுரேகா கண்ணை மூடிக்கொண்டாள். பொறாமை என்று ரசாக் பாய் நினைத்துக்கொண்டார்.

அதே இடத்தில் லோகேஷும் நின்றான். அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. அப்புறம் வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"பாய், இறக்கு. தலை சுத்துது."

கீழே ஒரே சிரிப்பு. முகப்பில் இந்த மாதம் இரண்டு முகங்கள். இவர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு இந்தப் பாறையே வேண்டாம் என்று மற்றவர்கள் நடையைக் கட்டினார்கள். இமயமலை இடம், சாப்பாட்டுக்காகவே மலைக்கு வரும் பாபுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பும்போது வேனில் லோகேஷ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்லக் கேட்டான்.

"அந்தப் பாறை இடுக்குல இருந்தது கொம்பன் ஆந்தைதானே?"

சுரேகா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "போட்டோ எடுத்தியா?"

"எடுக்கத்தான் பாக்கெட்ல கைய வுட்டேன். காலைல அந்த உடும்பு பாத்துச்சே, அதே மாதிரி பாத்துச்சு. மனசு வரல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பாவம், ரெண்டு முட்டை மேல உக்காந்திருக்கு."

"மூணு" என்றான் லோகேஷ். "என்னை முறைச்சிகினு எழுந்து நின்னுச்சு, எண்ணிட்டேன்."