செவலையின் சம்மதம்

நாய்க்குட்டி வாங்க நானும் மகளும் முதலில் போன மூன்று பண்ணைகளிலும், தாய்நாயின் மனதைப் பேசும் கழுத்துப்பட்டை ரிப்பேர் என்றார்கள். கம்பத்தில் கோம்பை நாய் வளர்க்கும் பேச்சியக்கா மட்டும் தாய்நாய் செவலையின் பட்டையைத் தானே இயக்கிவிட்டார்.

“குட்டி இன்னும் பால் குடிக்குது. இப்ப வேணாம்,” என்றது பட்டை.

“கேட்டீங்கள்ல தம்பி? அது சரின்னு சொல்லாம தரமாட்டேன்.”

“இன்னைக்கு மகளுக்குப் பிறந்தநாள்க்கா. வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன்.”

“அதை அதுகிட்டயே சொல்லுங்க,” என்று சிரித்தார். கைக்கு வந்த விற்பனையைக் கெடுத்த பட்டையை அவர் அணைக்கவே இல்லை. அவரை வியந்து பார்த்தேன்.

செவலை என் மகள் தன்யாவை முகர்ந்து, அவள் கன்னத்தை நக்கியது.

“இது யாரோட குட்டி?” என்று கேட்டது பட்டை.

“என்னுது.”

“இங்க விட்டுட்டுப் போறியா?”

தன்யா என் கையை இறுகப் பிடித்தாள்.

“இல்ல,” என்றேன் செவலையிடம். பிறகு பேச்சியக்காவிடம், “அது சரின்னு சொன்னதும் கூப்பிடுங்கக்கா,” என்றேன்.