பாடம் கேட்ட திருடன்

"நான் 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' நடத்தினதைக் கேட்டு ஒரு திருடனே திருந்தியிருக்கான், தெரியுமா?" என்றார் டியூஷன் வாத்தியார். பெஞ்சில் இருந்த மாணவர்கள் பென்சிலைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

எதிரே நின்ற கட்டட முதலாளி அடக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். கீழே பூட்டுக்கடை வைத்திருப்பவர் அவர். பூட்டுகளை அடுக்க இந்த அறை வேண்டும், காலி செய் என்று வந்திருந்தார். இது போனால் வாத்தியாருக்குக் கரும்பலகை மாட்ட வேறு சுவர் கிடையாது.

"யார் காதுல சார் பூ சுத்துறீங்க?"

"சத்தியமா! ரொம்ப வருஷம் முன்னாடி, பாடம் முடியட்டும்னு உள்ளேயே ஒளிஞ்சிருந்திருக்கான். காலைல வந்து பார்த்தா கடப்பாரை கிடக்கு, ஆளைக் காணோம். புது ஃபேன் தொங்குன இடத்துலயே தொங்குது! என் பாடம் அவன் மனசை மாத்திடுச்சு."

"அந்தப் பரண் தூசியில குந்திக்கிட்டு எவன் சார் இலக்கணம் கேப்பான்? புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உக்காருங்க. அதே பாடத்தை இப்ப நடத்துறேன். முழுசாக் கேட்டுட்டு அப்பவும் புளுகுன்னு சொன்னா, நானே மூட்டை கட்டுறேன். பாதியில விட்டீங்கன்னா ரூம் எனக்கு!"

"அட, இவ்வளவுதானா?" முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது, 'இஸ்' ஒரு படி பின்வாங்கி 'வாஸ்' ஆகும். 'கேம்' பின்வாங்கி 'ஹேட் கம்' ஆகும். 'டுமாரோ' கூட 'தி நெக்ஸ்ட் டே' ஆகிவிடும்... அவர் இழுத்த இழுப்பில் மின்விசிறி வேகம் குறைந்தது. சுவரில் இருந்த பல்லி பிடி நழுவித் தொப்பென்று விழுந்தது.

முதலாளியின் தலையும் மார்பில் விழுந்தது. கிளம்பிய குறட்டையில் கரும்பலகை கடகடவென்று ஆடியது.

மாணவர்கள் போட்ட கூச்சலில் அவர் அலறிப் புடைத்து எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"ரூம் எனக்குத்தான்!" வாத்தியார் சாக்பீஸை ஆட்டினார். "இப்பவாவது நம்புறீங்களா, திருடன் திருந்தினான்னு?"

தூக்கக் கலக்கத்தில் முதலாளியின் வாய் உளறியது.

"எங்க சார் திருந்தினேன்? அன்னிக்கும் பரண்ல இப்படித்தான் தூங்கிப்போனேன்!"