இன்னொரு சுற்று

புது டெர்மினலின் ஏழாம் பெல்ட்டுக்குத் தன் வேகத்தில் பெருமை அதிகம். விமானம் இறங்கிய கால் மணி நேரத்தில் பெட்டிகளைப் பயணிகள் கையில் சேர்த்துவிடும். அன்று வளைகுடா விமானத்தில் வந்த ஓர் அட்டைப்பெட்டி மட்டும் எடுக்க ஆளில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நீலக் கயிறு கட்டி, "காளிமுத்து, முதுகுளத்தூர்" என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது.

"எங்கே உன் ஆள்? எவ்வளவு நேரம்தான் உன்னையே சுமப்பது?" என்று பெல்ட் எரிந்து விழுந்தது.

"இது அவர் கையால கட்டின கயிறு. உள்ளே மகள் கேட்ட பொம்மை இருக்கு. வராம இருப்பாரா?" என்றது பெட்டி.

அந்நேரம் பெட்டிகள் உள்ளே வரும் வாயிலின் ரப்பர் திரை விலகியது. வெளியே சரக்கு வண்டியில் ஒரு சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் மேலும் அதே பெயர், அதே ஊர். பெல்ட் மட்டும்தான் பார்த்தது.

"வரிசையில நிக்கிறாரோ என்னவோ," என்றது பெட்டி.

பெல்ட் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

"ஆமாம். இமிகிரேஷனில் இன்னிக்கு ரொம்பக் கூட்டம்," என்றது. "நீ இன்னொரு சுற்று வா."