நொண்டக் கற்ற குதிரை

அது 1973. குதிரையை மறுநாள் விற்கப்போவதாக மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி வாஞ்சிநாதன் சொன்னதிலிருந்து, வண்டிக்காரர் ராமருக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷமாக அதை வளர்த்தவர் அவர்.

அன்று குதிரையைக் குளிப்பாட்டிக் கொள்ளு வைத்தபின், மாலைவரை அதற்கு ஒரே பாடம் சொல்லிக்கொடுத்தார். தோளில் தட்டினால் நொண்ட வேண்டும், நொண்டினால் வெல்லம்.

மறுநாள் பாலக்காட்டிலிருந்து வாங்க வந்தவர் குதிரையை நடத்திக் காட்டச் சொன்னார். ராமர் அதன் தோளில் தட்டினார்.

"நொண்டிக் குதிரை வேண்டாம்" என்று அவர் படகுத்துறைக்குக் கிளம்பிவிட்டார்.

வாஞ்சிநாதன் தரையில் உட்கார்ந்து குதிரையின் காலுக்கு எண்ணெய் தேய்த்தார். "என் தப்பாக்கும் ராமா. மூட்டையை அதிகமா ஏத்தச் சொன்னேன்."

ராமர் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "அது நம்மகிட்டயே இருக்கட்டும், சாமி."

"எங்கே இருக்கும்? அடுத்த மாசம் கடையை மூடிட்டு மகன்கிட்ட பம்பாய் போறேன். நீ இல்லாம அது தின்னாதுன்னு சொல்லி, உனக்கும் அந்தப் பாலக்காட்டுக்காரர்கிட்ட வேலை பேசியிருந்தேன். குடும்பத்தோட தங்க வீடும் தரேன்னார்."

ராமர் துறைக்கு ஓடினார். போட் கிளம்பியிருந்தது. "குதிரைக்கு ஒண்ணுமில்லீங்க! நான்தான் நொண்ட வெச்சேன்!" என்று கைகளை ஆட்டிக் கத்தினார்.

எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காமல், வழியனுப்ப வந்திருப்பதாக நினைத்து, பாலக்காட்டுக்காரரும் சிரித்தபடி கையசைத்தார்.